என்.ஏ. குடும்பம்

"மேடம், எனக்கு அக்கா யாரும் இருக்காவளான்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்ல முடியுமா?"

ஆகஸ்டு மாதத்தின் புழுக்கமான ஒரு காலையில் என் அறை வாசலில் நின்று அந்தப் பையன் கேட்டான். முதுகலை முதலாண்டு மாணவன். திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. சேர்க்கை, விடுதி, வருகைப் பதிவு, தேர்வு எல்லாம் எங்கள் சர்வர்களில்தான் ஓடுகின்றன. ஹால் டிக்கெட் வரவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தினமும் யாராவது வருவார்கள். அக்காவைத் தேடிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

"உக்காருப்பா. அதை உங்க அம்மாகிட்ட இல்ல கேக்கணும்?"

"கேட்டுட்டேன் மேடம். 'உங்கப்பாகிட்டயே கேளு'ன்னு சொல்லிட்டுப் போனை வச்சிட்டாவ. நேத்துலேர்ந்து வீட்ல ஒரே சண்டை."

அவன் போனை நீட்டினான். பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி. 'உங்கள் சகோதரி இன்று வகுப்புக்கு வரவில்லை. குடும்பத்தினர் கவனிக்கவும்.'

"நான் ஒத்தப் புள்ள மேடம்" என்றான் பரிதாபமாக.

அவனுடைய பதிவைத் திறந்தேன். குடும்பம் என்ற பகுதியைத் தொட்டதும் பெயர்கள் வரத் தொடங்கின. சட்டம் படிக்கும் மதுரைப் பெண், வேதியியல் படிக்கும் வேலூர்ப் பையன், ஜெர்மன் படிக்கும் நாகர்கோவில் பெண். மவுஸை உருட்ட உருட்டப் பட்டியல் நீண்டது. ஒரே மாதத்தில் பிறந்த உடன்பிறப்புகளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒரே எழுத்துகள். என்.ஏ.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆண்டுதான் புதிய மென்பொருள் வந்திருந்தது. குடும்பப் பெயரை நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்கு விடாது. நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? இருப்பது ஓர் இனிஷியல். அப்பா பெயரைப் போட்டால் அதையே சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் டில்லிக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் என் அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் விவரமாக ஹெல்ப்லைனுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். அங்கே இருந்தவர், 'பொருந்தாது' என்பதற்கு ஆங்கிலத்தில் என்.ஏ. என்று அடிக்கச் சொல்லியிருக்கிறார், எல்லாருக்கும்.

மென்பொருளோ முதலில் பள்ளிக்கூடங்களுக்காக எழுதப்பட்டது. ஒரே மாநிலம், ஒரே குடும்பப் பெயர் என்றால் அண்ணன் தங்கை என்று முடிவு கட்டிவிடும். ஒரு பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்கும் மற்ற பிள்ளைக்கும் சொல்லிவிடும்.

பையனுக்கு விளக்கினேன். அவன் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப எங்கப்பா மேல தப்பு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லப்பா. மொதல்ல அம்மாவுக்குப் போன் போடு."

அங்கேயே நின்று போட்டான். நான் கீழே எதையோ தேடுவது போல மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துத் தீர்த்தேன்.

மென்பொருள் நிறுவனத்தைக் கேட்டால், விதியை மாற்றக் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். கமிட்டி தீபாவளிக்குப் பிறகுதான் கூடும். குறுஞ்செய்தியையே நிறுத்தினால் எல்லாப் பெற்றோருக்கும் நின்றுவிடும். வேறு வழியில்லாமல், 'இது கணினிக் கோளாறு, பொருட்படுத்த வேண்டாம்' என்று அந்த மாணவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன்.

அவர்கள் பொருட்படுத்தினார்கள். அதுவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள், காணாமல் போன உடன்பிறப்பு யார் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். செப்டம்பரில் மதுரைப் பெண் காய்ச்சலில் படுத்தாள். அன்று மாலை பெண்கள் விடுதி வார்டன் என்னை அழைத்தார்.

"மேடம், இந்தப் பொண்ணுக்கு எத்தனை பாயி? கூடப் பொறந்த அண்ணன் தம்பியைத்தான் விசிட்டர் ரூம்ல விடணும்னு ரூல். இங்க கேட்ல ஒரு லைனே நிக்குது. எல்லார் ஐடி கார்டுலயும் ஒரே சர்நேம்."

"விடுங்க மேடம். சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றேன். அது உண்மைதான்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவன் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தான். ஒருத்தி நார்த்தங்காய் ஊறுகாய். நம் திருநெல்வேலிப் பையன், யார் சொன்னார்களோ, ஒரு முழு இளநீர். அதை வெட்ட விடுதியில் அரிவாள் இல்லை. காவலாளியும் அவனும் சாவியால் குத்திக்கொண்டிருந்ததை வார்டனே பிறகு நடித்துக் காட்டினார். "எங்க சொந்த அண்ணன் போன் பண்ணி 'தூங்கு'ன்னு மட்டும்தான் மேடம் சொன்னான்" என்றாள் அந்தப் பெண் என்னிடம்.

தேர்வு நெருங்கியபோது சர்வரில் என் கணக்கே திறக்காமல் பூட்டிக்கொண்டது. பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். சிரித்து யாரும் பார்த்திராத பஞ்சாபிக்காரர். இந்தியில்தான் ஆரம்பித்தார்.

"உங்க சொந்தக்காரங்க யாரும் இங்க பரீட்சை எழுதலன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"சிஸ்டம் வேற சொல்லுதே." திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயருக்குக் கீழே அத்தனை பிள்ளைகளும் வரிசையாக இருந்தார்கள். ஊழியர் பதிவுகளை மாற்றியபோது நானும் அதே ஹெல்ப்லைனைத்தான் கேட்டிருந்தேன். நானும் என்.ஏ.

பதிவாளர் குரலைத் தாழ்த்தி, மரியாதையோடு கேட்டார். "என்.ஏ.ங்கிறது மதராஸ்ல ரொம்பப் பெரிய கான்தானோ, பரம்பரைக் குடும்பமோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. கண்ணில் நீர் வழிய, ஒரு தாளில் அந்த இரண்டு எழுத்துகளின் விரிவை எழுதி அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "நாட்... அப்ளிகபிள்." தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. தேநீர் கொண்டுவந்த பியூன், நாங்கள் இருவரும் அழுவதாக எண்ணிக் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"கமிட்டி கிமிட்டி வேண்டாம். நான் கையெழுத்துப் போடறேன். இந்தக் குடும்பத்தை ஜல்தி கலைங்க" என்றார் மூச்சு வாங்க.

மாலைக்குள் கலைத்துவிட்டார்கள். குடும்பப் பெயர் கட்டாயமில்லை என்றும் ஆயிற்று. மறுநாளே திருநெல்வேலிப் பையனும் மதுரைப் பெண்ணும் வந்து நின்றார்கள்.

"கலைச்சிட்டீங்களா மேடம்?" என்றாள் அவள். "இனிமே யார் வரலைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேளுங்க. நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு. ஞாயித்துக்கிழமை முனிர்கால சமையல். நீங்களும் வரணும்."

போனேன். நாலாவது மாடியில் ஓர் அறை. படிக்கட்டு முழுக்கச் செருப்புகள். உள்ளே சாம்பாரில் தேங்காய் அரைத்து விடலாமா கூடாதா என்று நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் பெரிய வாக்குவாதம். கடைசியில் இரண்டு பாத்திரமாக வைத்தார்கள். சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மேலே வந்தார். எத்தனை பேர் இங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று இந்தியில் அதட்டினார்.

"ஒரே ஆள்தான் ஆன்ட்டி. மத்தவங்க எல்லாம் ரிஷ்தேதார், சொந்தக்காரங்க" என்றான் கரண்டியோடு நின்றவன். அவர் கையில் ஒரு வடையைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். இரண்டு சாம்பாரையும் ருசி பார்த்து, தேங்காய்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மூன்றாவது வடையோடு இறங்கிப் போனார்.

திரும்பும்போது மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். பதிவாளரின் 'கான்தான்' நினைவுக்கு வர, தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண், "க்யா ஹுவா, தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள். சொன்னேன். சிரித்துச் சிரித்து அவள் ஆஸ்ரம் ஸ்டேஷனில் இறங்காமல் விட்டுவிட்டாள். நான் மயூர் விஹாரை விட்டுவிட்டேன். திரிலோக்புரியில் இருவரும் இறங்கி எதிர்ப்பக்கத்து நடைமேடைக்குப் போனோம். ரயில் வருவதற்குள் அவள் தன் மாமியாரின் ஆதார் அட்டைக் கதையைத் தொடங்கிவிட்டாள்.