புரியாமல் ஆட்டிய தலை

என் மனைவிக்குக் காசநோய் என்று முதலில் சொன்னது நான். அவளுக்கு அந்த நோய் அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை. நான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்பதே எனக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எழுபத்து நாலோ ஐந்தோ இருக்கும். அப்போது ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். ரயிலடியில் எங்கள் ஸ்டாண்டு. ஏழு வண்டிகள். என் குதிரை வெள்ளை என்றுதான் வாங்கினேன். ஒரு மழைக்காலம் போனதும் அழுக்கு வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. கொள்ளு வைத்தால் பாதியை மண்ணில் தள்ளிவிட்டுத்தான் தின்னும். கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் ஆயிரம் பேர் இடித்தாலும் அசையாது, ஒரு துண்டுக் காகிதம் பறந்தால் மிரளும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். விட்டுவிடுகிறேன்.

அந்த வருஷங்களில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரத்து ஜாஸ்தியானது. ஸ்டாண்டில் எவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வழக்கம் ஒன்று இருந்தது. அவர்கள் எது கேட்டாலும் ‘எஸ்’ என்று சொல்லித் தலையை ஆட்டிவிட வேண்டும். ‘நோ’ என்றால் இறங்கிப் போய்விடுவார்கள் என்று பயம். ஆசிரமம் போகுமா என்றாலும் எஸ், தூரம் கம்மியா என்றாலும் எஸ், குதிரை உதைக்குமா என்றாலும் எஸ்தான். ஏறி உட்கார்ந்த பிறகு எல்லோருக்கும் சொல்வதுபோல அவர்களுக்கும் “முன்னால வாங்க, முன்னால வாங்க” என்று கையைக் காட்டுவோம். பின்பாரம் ஏறினால் வண்டி தூக்கிக்கொள்ளும்.

இந்த எஸ் என் வாயில் நன்றாக வந்தது. தலையை எங்கே எத்தனை தரம் ஆட்டவேண்டும் என்பது எனக்குக் கைவந்துவிட்டது. “வெள்ளக்காரனா? அவன் வண்டில ஏத்துப்பா, அவன் தொர மாதிரி பேசுவான்” என்று மற்றவர்களே என் வண்டிக்கு அனுப்புவார்கள். நானும் மறுத்ததில்லை. உள்ளுக்குள்ளே என்ன பாடு என்று எனக்குத்தானே தெரியும். பின்னால் இருந்து ஒரு கேள்வி வந்தால் உள்ளங்கை வேர்த்து லகான் வழுக்கும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன் நான். பஸ் போர்டையே நிறம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

என் மனைவி செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருந்த மூன்று வீடுகளில் வேலை செய்தாள். பெருக்குவது, பாத்திரம் துலக்குவது, ஒரு வீட்டில் சமையலும். சமையல் செய்த வீட்டில் ஒரு அம்மாள் தனியாக இருந்தார்கள். நல்ல உயரம், நரைத்த முடி. புடவையை எப்படிக் கட்டினாலும் ஒரு பக்கம் தரையில் இழுபடும். என் மனைவி ஓடிப்போய்க் கொசுவத்தைச் சரிசெய்து விடுவாள். இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது. கையும் சிரிப்பும்தான். என்னைவிட அவள் அந்த அம்மாளிடம் அதிகம் பேசினாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மார்கழியில் அவளுக்கு இருமல் பிடித்தது. பனியில் விடியற்காலம் மூன்று வாசல் தெளிப்பவளுக்கு இருமல் வராமல் என்ன செய்யும்? பத்து நாள் இருந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள் அந்த அம்மாள் பஜாரிலிருந்து என் வண்டியில் ஏறினார்கள். நான் அவள் புருஷன் என்று அவர்களுக்குத் தெரியும். வழியில் நெஞ்சில் கையை வைத்து மெதுவாக ஏதோ கேட்டார்கள். அங்கே வருகிற வெள்ளைக்காரர்கள் சாமியைப் பற்றிப் பேசும்போதும் நெஞ்சில்தான் கை வைப்பார்கள். சாமி விஷயம்தான் என்று நினைத்து “எஸ் மேடம்” என்றேன். வீட்டுப்பக்கம் கை காட்டி இன்னொன்று கேட்டார்கள். “எஸ், எஸ்.” மறுபடி ஒன்று. அதற்கும் எஸ். அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறோம் என்று அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குப் பெருமை.

இரண்டு நாள் கழித்து அவள் காலை பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு புதுக் கம்பளி. அந்த அம்மாள் கொடுத்து, வாசல் வரை வந்து, கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம். அந்த வாரத்துக்குள் மற்ற இரண்டு வீட்டு வேலையும் நின்றது. காரணம் தெரியவில்லை. அந்த அம்மாள் வீட்டுத் தோட்டக்காரன் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன், அவன்தான் டீக்கடையில் வைத்துச் சொன்னான்.

“இன்னாப்பா, உம் பொண்டாட்டிக்கு நெஞ்சு சீக்காமே. இருமுனா ரத்தம் வருதாமே.”

“எவன் சொன்னது?”

“நீதானே ஒத்துக்கினியாம். ரொம்ப நாளா கீதானு கேட்டாங்களாம், ஆமான்னியாம். ரத்தம் வருதானு கேட்டாங்களாம், அதுக்கும் ஆமான்னியாம். மறைக்காம சொன்னான், நல்ல மனுசன்னு அந்தம்மா உன்ன பத்தி ஒரே புகழ்ச்சி.”

டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். மத்தியானத்துக்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

“புரியலன்னா புரியலனு சொல்றதுக்கு இன்னாய்யா?”

“எனக்கு எப்படி சொல்றதுனு தெரியல.”

“தலய ஆட்ட மட்டும் தெரிஞ்சிதா?” ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஒரு தரம் ஊதிவிட்டுச் சொன்னாள்: “போய் சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்லனு சொல்லு. அந்தம்மா நம்பும்.”

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “ஒண்ணுமில்லம்மா, சளிதான்” என்றார். அந்த எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டு கேட்டுக்குப் போனேன். முதல்நாள் உள்ளே போகவில்லை. இரண்டாம் நாளும் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் அவர்களே பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். எக்ஸ்ரேயை நீட்டினேன். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. என்னவோ கேட்டார்கள். என் வாயிலிருந்து அதே எஸ்தான் வந்தது. அவர்கள் எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, உள்ளே போய் ஒரு பால்மாவு டின்னைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள்.

அந்த டின்னை அவள் தெருவில் வீசினாள். பக்கத்து வீட்டு நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

வேறு ஆளை வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தோட்டக்காரனைக் கேட்க முடியாது. அதற்குள் அவன் கொழுந்தியாளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டான். பஜாரில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சவுக்கார் ஒருவர் இருந்தார், அத்தர்க்கடை பாய் இருந்தார். பாய் தங்கமான மனிதர், ஒரு நடை வந்திருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிடும். உண்மை இதுதான். மாசி முடிவதற்குள் அந்த அம்மாள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

தெருக் குழாயில் அவள் குடம் வரிசையில் இருந்தால் அடுத்த குடம் கொஞ்சம் தள்ளி நிற்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை. யார் பிள்ளையையாவது அவள் தூக்கப் போனால் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்பார்கள். அவள் மல்லாட்டை மண்டிக்குக் கடலை உடைக்கப் போனாள். அங்கே வெளியூர்ப் பெண்கள், அவர்களுக்குக் கதை தெரியாது. அந்தத் தூசியில் இருமல் நிற்கவே இல்லை. இருமும்போதெல்லாம் தெரு நிமிர்ந்து பார்க்கும்.

நான் நோ சொன்னது மறுவருஷம். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியில் தாடி வைத்த ஒரு பையன், எந்த நாடோ. ஏதோ கேட்டான். எஸ் தொண்டை வரை வந்துவிட்டது. அன்று காலைதான் குழாயடியிலிருந்து அவள் வெறும் குடத்தோடு திரும்பி வந்திருந்தாள். “நோ” என்றேன். அவன் பார்த்தான். “நோ அண்டர்ஸ்டாண்ட்” என்றேன். இந்த வார்த்தையை ஒரு பூக்காரி வெள்ளைக்காரனிடம் சர்வசாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு வைத்திருந்தேன். அவன் இறங்கிப் போகவில்லை. கையால் குடிப்பதுபோல் காட்டி, மெதுவாக, திரும்பக் கேட்டான். குதிரைக்குத் தாகமா என்று கேட்டிருக்கிறான். “ஈவினிங் வாட்டர்” என்றேன். அவன் சிரித்தான். என்னைக் கேலி பண்ணிய சிரிப்பு இல்லை அது.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இப்படிப் பயந்தோம் என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு பயம் விட்டுப்போயிற்று. யார் ஏறினாலும் கேட்பேன், தப்புத்தப்பாகப் பேசுவேன், அவர்கள் திருத்துவார்கள். ஆட்டோ வந்து ஜட்காவுக்குச் சவாரி குறைந்ததும் குதிரையைக் கொடுத்துவிட்டு, ஒரு விருந்தினர் விடுதி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தேன். இங்கிலீஷுக்காகத்தான் எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் ரயில் நேரம் கேட்பார்கள், மலைக்கு எந்தப் பக்கம் ஏறுவது என்று கேட்பார்கள். சளைக்காமல் சொல்வேன்.

எண்பதுகளில் ஒருநாள் அந்த அம்மாள் அதே விடுதிக்கு வந்து இறங்கினார்கள். முதுகு வளைந்திருந்தது. நான் எழுந்து நின்று, முதலிலிருந்து கடைசிவரை இங்கிலீஷில் சொன்னேன். என் மனைவிக்கு நோய் இல்லை. நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை. பயத்தில் எஸ் சொன்னேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா வந்துகீது. எல்லாத்தையும் சொல்லிட்டேன். இங்கிலீசுலயே சொன்னேன். உங்கிட்ட மன்னிப்பு கேக்க வருதாம்.”

அவள் தலையைத் தூக்கவில்லை. “வரவேணாம்னு சொல்லு. அதையும் இங்கிலீசுலயே சொல்லு.”

“ஏன்டி? இத்தினி வருசம் கழிச்சி...”

“அந்தம்மா என்ன மறந்துகூட இருக்கும். இந்தத் தெரு மறக்கலியே. இவங்ககிட்ட தமிழ்ல சொல்றதுக்கு உனக்கு இன்னாய்யா கஷ்டம்? பத்து வருசமா வாயத் தொறந்தியா?”

திறக்கவில்லை. எக்ஸ்ரே அலமாரியில்தான் இருந்தது. குழாயடிக்கு எடுத்துப்போய், என் வாய்தான் கெட்ட வாய், இவள் நல்லாயிருக்கிறாள் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். புரியாமல் தலையாட்டினேன் என்று சொல்லவேண்டி வருமே என்று பத்து வருஷம் ஓட்டிவிட்டேன்.

சொல்வதற்கு நேரமும் வந்தது. அந்த வாரமே எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. அந்த வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு. என் மனைவி உள்ளே கதவோரம் நின்றிருந்தாள்.

“அண்ணே, மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுங்க. அண்ணிய கஷ்டப்படுத்த வேணாம். ஒடம்பு முடியாதவங்க, எதுக்கு அலையணும்?”

கைநீட்டி வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டேன்.

போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தமும் வளையல் சத்தமும் கேட்டது. பக்கத்து இலைக்காரர் ஜனதா எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார், பதில் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கை துடைத்தேன்.

“எத்தினி வகை சாதம் போட்டாங்க?” என்று கேட்டாள்.

“அஞ்சி.”

“தேங்காச் சாதம் இருந்திச்சா?”

“இருந்திச்சி” என்றேன்.