எழுந்து நின்றதற்குக் கிடைத்த பதவி

ருமேனியாவின் இந்தச் சிறு நகரத்தில் முதலாளி உள்ளே வந்தால் யாரும் எழும்புவதில்லை. எங்கள் தையல் ஆலை ஒருகாலத்தில் அரசாங்கத்துடையது. எல்லோரும் சமம் என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்களாம். இன்று அது ஒரே ஒருவருடைய சொத்து. அவர் வீட்டு வாசலில் காவலாளி நிற்கிறான். தைக்கிற பெண்கள் அந்தக் காலத்து இரண்டு அறை மாடிவீடுகளிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் அவர் கடந்து போகும்போது ஒருத்தியும் தலை நிமிர்த்த மாட்டாள்.

நான் எழும்பிவிட்டேன். சேர்ந்து மூன்றாம் வாரம், மெஷினை நிறுத்தி, சுவரோரம் ஒதுங்கி நின்றேன். உடம்பு தானாகச் செய்தது. இலங்கையில், பெல்மதுளைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்துகிற தொரையின் ஜீப் வந்தால் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு நிற்போம். என் ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று, கொட்டுகிற மழையில் அப்பா அப்படித்தான் நின்றார். வெளிநாடு போயே தீர்வதென்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வரிசையின் சூப்பர்வைசர் மரியானா. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம். போனில் மொழிபெயர்த்துக் கேட்டார்.

“ஏன் எழும்பினாய்? அடிப்பாரா?”

“இல்லை. மரியாதை.”

“அவனுக்கா? இந்த ஆலையில் ஸ்டோர் சாவி வைத்திருந்தவன். அரசாங்கம் விழுந்த அன்று சாவி அவன் கையில் இருந்தது, அவ்வளவுதான்.”

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் மரியானாவை இஸ்திரிப் பகுதிக்கு மாற்றிவிட்டு, அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார். முதலாளிக்கு என் ஒழுக்கம் பிடித்திருக்கிறதாம். வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும். சொல்லவில்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“எம் மக தொரைசானி ஆயிட்டான்னு லயத்து வீடு பூரா சொல்லிட்டேன் புள்ள.”

“அந்தம்மாவுக்கு கால் வலிம்மா. நாள் பூரா நின்னுக்கிட்டே அயன் பண்றாங்க.”

“அதுக்கு நீ என்னா செய்வ? நம்மாளுங்க நிக்காததா?”

மதியம் சாப்பாட்டுத் தட்டோடு மரியானாவின் மேசைக்குப் போனேன். அவர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து, தன் கதிரையை எனக்காக இழுத்து வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த மேசையில் என்னோடு ஒரே அறையில் தூங்குகிற, எங்கள் நாட்டு வரக்காப்பொலப் பிள்ளைகள். அவர்களும் ஒரு கதிரையைத் துடைத்தார்கள். “வாங்க மிஸ், இங்க உக்காருங்க” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் குனிந்து சிரித்தார்கள்.

இரண்டு கதிரையும் காலியாக இருக்க, நடுவில் நின்றபடியே சோற்றைத் தின்று முடித்தேன்.