ஜீவரத்தினம் அண்ணையின் கார் ஏன் நின்றது

ஜீவரத்தினம் அண்ணை காரை என் கராஜுக்குள் விட்டுவிட்டு இறங்கினார். "தம்பி, பிழை காரிலையோ என்னிலையோ எண்டு பார்த்துச் சொல்லும்" என்றார். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கராஜ் வைத்திருக்கிறவனிடம் மனிதரைப் பழுது பார்க்கிற சாமான் ஏது என்று கேட்க வாய் உன்னியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அண்ணை ஜெர்மனியின் டோர்ட்முண்டில் நெடுங்காலம் வேலை செய்து, மகன் சிவதர்ஷனின் படிப்புக்காக லண்டன் வந்தவர். வரும்போது தானே ஓட்டிவந்த ஜெர்மன் கார் அது. எண்பதுகளில் செய்தது, ஸ்டியரிங் இடப்பக்கம். பெற்றோல் கலக்கிற பழைய கார்புரேட்டரும் உண்டு, அதை ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் உண்டு. சுத்த ரெண்டுங்கெட்டான்! இந்தக் காலத்து ஸ்கானரைச் செருக அதில் ஓட்டையே கிடையாது. ஸ்ட்ரெதம் பக்கத்தில் கோயிலோ கலியாண வீடோ விமான நிலையமோ, கேட்டவரையெல்லாம் அண்ணை அதில்தான் ஏற்றிப்போவார். ஓய்வுக்குப் பிறகு அந்த ஓட்டம்தான் அவருக்கு உயிர்.

கொஞ்ச நாளாகச் சிவப்பு லைற்றில் நிறுத்தினால் எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. பின்னால் கரும்புகை, பெற்றோல் மணம், ஹோர்ன் சத்தம். ஆனால் சிவதர்ஷன் காலையில் வந்து தெருவைச் சுற்றி ஓட்டினால் தையல் மெஷின் போல ஓடுகிறதாம். வேறொரு கராஜிலும் காலையில்தான் பார்த்தார்கள். கார் நல்ல திறம், ஓட்டுகிறவர்தான் அக்சிலரேட்டரை மிதித்து மிதித்து எஞ்சினை நனைக்கிறார் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கார்த் திறப்பைத் தந்துவிட வேண்டும், இனி ஓட்டக்கூடாது என்று மகன் சொல்லியிருந்தான்.

அண்ணை அப்பால் போன நேரம் அவரோடு காரில் வந்திருந்த மனைவி நாகேஸ்வரி அக்கா கிட்ட வந்தார். "இவரின்ரை தமையனுக்கும் மறதி வருத்தம் காரிலைதான் முதல் தெரிஞ்சது, தம்பி. பிறகு பெத்த பிள்ளையின்ரை பேரும் தெரியாமப் போச்சு. இவருக்கும் அறளை பெயருதோ எண்டு எனக்கு நித்திரையே இல்லை."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா!" என்று கத்திவிட்டேன். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் நிற்கிற கார் என்றால் காரைத்தான் சந்தேகப்பட இடமுண்டு. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடத் தேவை. சூடேறிய பிறகும் அதே அளவு ஊற்றினால் எஞ்சின் மூச்சு முட்டிச் செத்துப்போகும். எஞ்சினை ஆறவிட்டுப் பிறகு ஸ்டார்ட் பண்ணி, யாரும் உள்ளே இல்லாமல், சும்மா ஓடவிட்டேன். அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே நின்றார். சூட்டு முள் மேலே ஏறியது. கார் குலுங்கியது, கறுப்பாகக் கக்கியது, நின்றது.

"பாருங்கோ அண்ணை, நீங்கள் உள்ளுக்கையே இல்லை!"

"சரி தம்பி, எண்டாலும் ஏன் நிண்டது?" அவர் நம்பவில்லை. காரணம் கையில் வராமல் நம்பவும் மாட்டார்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன், எல்லாம் கரிச்சட்டி. புகைக்குழாயில் இருக்கும் சென்சர் பெற்றோல் கூடிப்போச்சு என்று ஒழுங்காகத்தான் சொல்கிறது, கம்ப்யூட்டர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சரில் மீற்றரை வைத்தேன். அது சரி. அதே வயரைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் அளந்தேன். மார்கழிக் குளிர் காட்டியது! எஞ்சின் கொதிக்கிறது, கம்ப்யூட்டரோ அது விறைத்துப்போய்க் கிடக்கிறது என்று நம்பி, பாவம், பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது.

நடுவில்தான் பழுது. வயரைத் தடவிக்கொண்டு போனேன். நடுவில் வயரை இணைக்கிற பிளக்கைக் கழற்றினால் உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. அதற்கு நேர் மேலே ஒரு குழாயில் கறுத்துச் சுருண்டு ஏதோ தொங்கியது. செத்த எலி என்று நினைத்துக் கையை இழுத்தேன். பிறகு பார்த்தால் நூலில் கோத்த மிளகாய், அதன் கீழே அழுகி வடிந்த எலுமிச்சை, எங்கள் தேசிக்காய்.

"ஆர் இதைக் கட்டினது?" என்று கேட்டேன்.

நாகேஸ்வரி அக்காவின் கை வாய்க்குப் போனது. "நான்தான். கோயிலடியிலை சனம் காரையும் இவரையும் பார்த்த பார்வை... கண்ணூறு படக்கூடாது எண்டு கட்டினன். முன்னுக்குக் கட்டினா சிவதர்ஷன் பகிடி பண்ணுவான். அதுதான் உள்ளுக்கை."

"அக்கா, தேசிக்காய்ப் புளி முழுக்க வயருக்கை வடிஞ்சிருக்கு."

அண்ணை அந்தக் கறுப்பு உருண்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்டுமில்லை அண்ணை. இனியும் கேட்டா எனக்குத்தான் விசர் வரும்."

வயருக்குப் புதுப் பிளக் பொருத்தி, காரைச் சூடேற்றி, மூவரும் லண்டன் ரோட்டில் இறங்கினோம். அண்ணை ஓட்டினார். முதல் சிவப்பு லைற்றில் நிறுத்தினார். எஞ்சின் நிற்கவில்லை, பூனை மாதிரி முனகிக்கொண்டே இருந்தது. பின் சீற்றில் அக்கா மகனுக்குப் போன் போட்டு அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார். "தம்பி, கொப்பாவிலை ஒரு பிழையும் இல்லையடா! நான்தான்! எல்லாம் நான்தான்!" தன் மேல் குற்றம் வந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

பச்சை விழுந்தது. கராஜுக்குத் திரும்பும் தெருவைக் காட்டினேன். அண்ணை இண்டிகேட்டரில் கையை வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு சிவப்பு லைற் மட்டும் போவமே?"