காலித் தட்டைத் துடைத்த கெசியாம்மா

எங்கள் கிட்டுண்டா மலைப் பேராலயத்தில், பேராயரைப் பார்த்து "போய்க் கையைக் கழுவுங்க" என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். கெசியா நப்போசா. திருச்சபையின் பழைய பதிவேடுகளும் கடிதங்களும் இருக்கும் ஆவண அறைக்குப் பொறுப்பாளர்.

பதவியேற்ற புதிதில் பேராயர் ஊதா அங்கியோடு அந்த அறையைப் பார்க்க வந்தார். கெசியாம்மா வாசலிலேயே மறித்து வாளியையும் சோப்பையும் காட்டினார்.

"கை சுத்தமாத்தாம்மா இருக்கு," என்றார் பேராயர், சளி பிடித்த புறா போன்ற தன் குரலில்.

"கடலைக் குழம்பு தொட்ட கைதானே ஐயா? எண்ணெய் பட்டா தாள் போச்சு. நகத்தையும் காட்டுங்க."

காட்டினார்.

உகாண்டாவில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரியவர்களை மண்டியிட்டுத்தான் வணங்குவார்கள். கெசியாம்மா அதையும் செய்யவில்லை. "என் முட்டி ரெண்டும் ஓய்வு வாங்கிடுச்சு ஐயா. நான் மட்டுந்தான் வேலையில இருக்கேன்," என்றார். பாடகர் குழுவில் நாங்கள் எல்லோரும் கெசியாம்மாவின் அந்தக் குரலைச் செய்து காட்டுவோம். ஒருநாள் நான் செய்யும்போது பின்னாலேயே வந்து நின்று கேட்டுவிட்டு, "நகம்னு சொல்ற எடத்துல இன்னும் அழுத்தணும்," என்று திருத்திவிட்டுப் போனார்.

அவருடைய பரம எதிரி கறையான். அலமாரிக் கால்களைச் சுற்றிச் சாம்பலும் மண்ணெண்ணெயும் எப்போதும் இருக்கும். மழை விட்டுக் கறையான்கள் சிறகோடு புற்றிலிருந்து கிளம்பினால், எங்களைப் போலவே அவரும் பாத்திரத்தோடு ஓடுவார். உப்புப் போட்டு மொறுமொறுவென்று வறுத்து, அறை வாசலில் உட்கார்ந்து தின்பார். "அதுங்க என் தாளைத் தின்னுச்சு. நான் அதுங்களைத் தின்னுறேன். சரியாப் போச்சு."

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் அவர் அங்கே தட்டச்சு செய்பவராக இருந்தாராம். புகையிலை சுருட்டத் தாள் கேட்டுத் துப்பாக்கியோடு படைவீரர்கள் வந்தபோது, அலுவலகத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைத் தாள் கட்டுகளை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளின்மேல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். "புதுசைக் குடுத்துட்டுக் குப்பையைக் காப்பாத்தியிருக்கா பாரு," என்று அன்றைய திருச்சபைச் செயலர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே தன் மகள் திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்று கேட்டு வந்து வாளியில் கையைக் கழுவினார்.

அந்த அறை அலமாரியில் ஒரு தட்டு மட்டும் காலி. அதையும் கெசியாம்மா தினமும் துடைப்பார். அது ப்வேரா சபைக்கு உரிய இடம். ப்வேரா கோயிலின் கூரை ஒழுகியதால், உபதேசியார் யோசாமு லுயிண்டா சபைப் பதிவேடுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டுத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். கூரை சரியானது. பெட்டி திரும்பவில்லை. கெசியாம்மா போய்க் கேட்கும்போதெல்லாம், "நான் கண்ணை மூடுறவரைக்கும் இருக்கட்டும் மகளே," என்பார். கெசியாம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான். மேலே பேச முடியாது.

அவர் கண்ணை மூடினார். சில மாதம் கழித்து, வாரிசுக்குப் பட்டம் கட்டும் காரியத்துக்கு நாள் குறித்தார்கள். அங்கேதான் சிக்கல். வாரிசான மகன் நெகேமியா கக்வா கம்பாலாவில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். வாரிசுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஈட்டியோடும் மரப்பட்டைத் துணியோடும் அந்தப் பெட்டியும் அவருக்குப் போகிறது என்று செய்தி வந்தது. குலத்தார் முன்னால் வாரிசின் கையில் கொடுத்த பொருளைப் பிறகு பேராயரே வந்தாலும் கேட்டு வாங்க முடியாது. ப்வேராப் பதிவேடுகள் எஞ்சின் ஆயில் டின்களுக்கு நடுவே போய்ச் சேரும்.

காரியத்தன்று காலையில் நாங்கள் பாடப் போனபோது, கெசியாம்மா எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். விருந்தினருக்குப் போட்ட நாற்காலியில் இல்லை. இறந்தவருடைய பிள்ளைகளின் வரிசையில், பாயில்.

நெகேமியா மரப்பட்டைத் துணி போர்த்தி, ஈட்டியோடு வீட்டு வாசலில் நின்றார். குலப் பெரியவர், இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றதால் எல்லோராலும் சலோங்கோ என்று அழைக்கப்படுபவர், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இருமல் வைத்துப் பேசுவார். பெட்டியை எடுத்துவரச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் நில்லுங்க சலோங்கோ," என்று கெசியாம்மா எழுந்தார். "பிள்ளைங்களைக் கேக்காமக் குடுக்கிறீங்களே?"

"நீ எந்தப் பிள்ளைம்மா?" இருமல். "உன் குலம் வேற, எங்க குலம் வேற."

"எனக்குத் தண்ணி ஊத்திப் பேரு வச்சவர் அவரு. அந்தப் பெட்டியில என் பேரு இருக்கு. என்னை மாதிரி இந்த மலை முழுக்க இருக்கு. எழுந்திரிங்கப்பா, அவரு கையால ஞானஸ்நானம் வாங்கினவங்க!"

முதலில் இரண்டு கிழவர்கள் எழுந்தார்கள். பிறகு அடுப்படியிலிருந்து வாழையிலைக் கட்டோடு பெண்கள். கடைசியில் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

"தம்பி நெகேமியா," என்றார் கெசியாம்மா மிகவும் இனிமையாக. "வாரிசுன்னா அப்பா. பிள்ளைங்க உன்னைவிட மூத்தவங்களா இருந்தாலும் நீதான் அப்பா. பெட்டியை எடுத்துக்கிட்டா அதுல இருக்கிற எல்லாருக்கும் நீதான் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கணும், பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பேசணும். உன் கடை எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்."

"அப்பா, எனக்கு ஒரு டயர்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, பந்தலே சிரித்தது. அந்தக் குரல் யாருடையது என்பது இங்கே தேவையில்லை.

நெகேமியா சிரிக்கவில்லை. "அப்பா தலைமாட்டுலயே இருந்த பெட்டிம்மா," என்றார், ஈட்டியைக் கை மாற்றிக்கொண்டு. "அதையும் குடுத்துட்டா, அவருன்னு சொல்ல எனக்கு என்ன மிச்சம்?"

சிரிப்பு அடங்கியது.

சலோங்கோ இருமினார். "மகள்னு சொன்னேல்ல? மகள்னா புது அப்பாவை எப்படி வணங்கணும்னு தெரியுமில்ல? வணங்கிட்டுக் கேளு. குடுக்கிறதும் குடுக்காததும் அவன் இஷ்டம்."

பேராயருக்கு மடங்காத முட்டிகள். எல்லோரும் அந்த இரண்டையும்தான் பார்த்தோம். கெசியாம்மா பாயில் ஒரு கையை ஊன்றினார். ஒரு முட்டி, பிறகு மற்றது. மூட்டு சொடுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. தன் மகன் வயதுடைய மனிதர் முன்னால் தலையைக் குனிந்து, "அப்பா," என்றார். "நம்ம அப்பா கையெழுத்து மேல கறையான் வராமப் பாத்துக்கிறேன். நீங்க எப்ப வந்தாலும் பாக்கலாம். என்கிட்ட குடுங்கப்பா."

அந்த அறைக்குரிய குரல் அது இல்லை. இன்றுவரை எங்களில் யாரும் அதைச் செய்து காட்டியதில்லை.

நெகேமியா ஈட்டியைச் சுவரில் சாய்த்தார். பெட்டியைத் திறந்து, பதிவேடுகளை எடுத்துக் கெசியாம்மாவின் கையில் வைத்தார். காலிப் பெட்டியைத் தனக்கு வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, மகளைத் தூக்கி நிறுத்தினார். அதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ப்வேராப் பதிவேடுகள் இப்போது அவற்றின் தட்டில் இருக்கின்றன. சரக்குக் கொடுக்க இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நெகேமியா மலையேறி வந்து, தன் அப்பாவின் சாய்ந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன வாரமும் வந்தார். விரலெல்லாம் ஆயில் கறை.

கெசியாம்மா வாசலில் மறித்தார். மறித்தபடியே, சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியைப் பாதி மடக்கினார்.

"வாங்கப்பா. அந்தா இருக்கு வாளி."