உறையூர் மிக்ஸி கடையும் அப்பாவின் ரயிலும்

அப்பாவின் யூனிஃபார்மை எத்தனை முறை துவைத்தாலும் டீசல் வாடை போகாது... அவர் டியூட்டி முடிந்து வந்தால் எங்கள் திருச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு முழுக்க அந்த வாடைதான். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நான் காலேஜ் சேர்ந்த வருஷம், அப்பா ஓட்டிப் போன பாசஞ்சர், லைனில் நின்றிருந்த கூட்ஸ் வண்டி மேல் மோதியது. அப்பா, உதவி டிரைவர், முன்பெட்டியில் இருந்த சிலர்... யாரும் பிழைக்கவில்லை.

மறுநாளே ஊர் முடிவு கட்டிவிட்டது. டிரைவர் தூங்கிட்டாராம், சிவப்பு சிக்னலைக் கவனிக்கலையாம். துக்கம் கேட்க வந்தவர்களே வாசலில் செருப்பு மாட்டும்போது அதைத்தான் பேசினார்கள். அம்மாவை அந்தப் பேச்சுதான் அரித்தது.

ஸ்ரீரங்கம் படித்துறையில் காரியம் முடித்து வந்த சாயங்காலம், பின் வரிசை வீட்டு செல்வராஜ் மாமா வந்தார். சிக்னல் பழுது பார்ப்பவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அண்ணன் பச்சையப் பாத்துதான் போயிருக்காரு. சிக்னல ரிப்பேர் பண்ணப்ப நான்தான் ஒயர இடம் மாத்திக் குடுத்துட்டேன், சிவப்பு விழ வேண்டிய நேரத்துல பச்சை விழுந்துருச்சு. அவசரத்துல டெஸ்ட் பண்ணல. நாளைக்கு விசாரணையில சொல்லப் போறேன். முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அவருக்கு இரண்டும் பெண் குழந்தைகள். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்... செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

அம்மா ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "சொல்லிட்டு வாங்க தம்பி" என்றாள்.

சொன்னார். வேலை போனது. கோர்ட், ஜெயில் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, உறையூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை போட்டார். ஓட்டிக் காட்டாமல் எதையும் கையில் தர மாட்டார். நாங்கள் ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோன பிறகும் அம்மா பஸ் ஏறி அங்கேதான் போவாள்.

இப்போதும் எங்காவது ரயில் மோதினால், கவிழ்ந்த பெட்டியைத் தூக்குவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் காரணம் வந்துவிடுகிறது. டிரைவர் தூங்கியிருப்பான்... அந்தப் பேச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் "நான்தான் செய்தேன்" என்று வந்து நின்ற ஒரு மனுஷனை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஒருமுறை சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "புருஷனக் கொன்னவன் கடைக்கே போறியே" என்று அம்மாவிடம் கேட்டேவிட்டாள்.

அம்மா மிக்ஸி ஜாரைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவர் தூங்கலன்னு இந்த ஊர்ல சொன்னது அந்த ஒருத்தர்தான்."