ஐந்நூறு துண்டுகளும் இரண்டு சம்பந்திகளும்

லென்ஸ்காரம்மா வாயைத் திறந்தால் கண்ணாடிக்கடையே கப்சிப் ஆகிவிடும். கடையின் பின்னறையில், தேய்க்கிற இயந்திரத்துக்கு முன்னால், இருபத்தாறு வருஷமாக ஒரே உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர் அவர். பிரேமுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் போதும், கட்டைவிரல் பட்டதுமே கண்டுபிடித்துவிடுவார். புதிதாகச் சேர்ந்த யாராவது உட்காராத லென்ஸை அழுத்தி உட்கார வைக்கப் பார்த்தார்களோ, தொலைந்தார்கள். "அமுக்காதே! பொருந்துறது தானா உக்காரும்!" என்று அவர் போடுகிற சத்தத்தில், முன்னறையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவர் படித்துக்கொண்டிருந்த வரியையே மறந்துவிடுவார்.

கடையைத் தாண்டினால் ஆளே வேறு. அதிலும் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனால் வாயில் பூட்டுதான். டீ ஆறிப்போயிருந்தாலும் "ரொம்ப நல்லா இருக்கு." மின்விசிறி பெயருக்குச் சுற்றினாலும் "காத்து நல்லாத்தான் வருது." பெண்ணைக் கொடுத்த இடமாச்சே! நாம் நாக்கை நீட்டினால் அடி மகள் தலையில் அல்லவா விழும்? அந்தப் பயம் நாலு வருஷமாக அவரை விட்டுப் போகவே இல்லை. "சும்மா சாதாரணமா பேசேன்மா" என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "நீ சும்மா இருடி, உனக்கொண்ணும் தெரியாது" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவருக்கு ஜிக்சா பைத்தியம் பிடித்தது கால் உடைந்ததால். கடைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. ஓடி ஓடி வேலை செய்த கை சும்மா கிடக்குமா? ரிமோட்டைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினார், கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரியாமல் விழித்தார். பொறுக்க முடியாமல் மகள் ஒரு டப்பா வாங்கி வந்து மடியில் வைத்தாள். ஐந்நூறு அட்டைத் துண்டுகள், சரியாகச் சேர்த்தால் ஒரு கலங்கரை விளக்கப் படம். முதல் தடவை முடிக்க மூன்று நாள் ஆயிற்று. நாலாவது வாரத்தில் ஒரே மத்தியானம். ஆறாவது வாரத்தில் துண்டுகளை எல்லாம் கவிழ்த்துப் போட்டு, வெறும் சாம்பல் முதுகை மட்டும் பார்த்துச் சேர்த்து முடித்தார். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு, "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே டாக்டர்" என்று கெஞ்சிய ஒரே நோயாளி அவராகத்தான் இருக்கும்.

அப்புறம் போட்டிகள். ஐந்நூறு துண்டைச் சேர்ப்பதற்கு ஒரு போட்டியா என்று சிரிக்கிறவர்கள் ஒரு தடவை அந்த மண்டபத்துக்குள் போய்ப் பார்க்கணும். வரிசை வரிசையாக மேசைகள், எல்லாருக்கும் ஒரே படம், ஒன்றரை மணி நேரம். விசில் ஊதியதும் பையைக் கிழித்துக் கொட்டணும், முடித்ததும் கையைத் தூக்கணும். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது, துண்டுகளைக் கிளறுகிற சத்தம் மட்டும்தான். லென்ஸ்காரம்மா தனியாள் பிரிவில் மூன்று தடவை போனார், மூன்று தடவையும் முதல் சுற்றோடு வீடு. வடிவம் பார்ப்பதில் அவர் புலி. நிறம் பிரிப்பதில்தான் மந்தம்.

ஆனாலும் ஆசை விடவில்லை. தகுதிச் சுற்றில் ஜெயித்தவர்கள் மட்டும் உட்காருகிற இறுதிப் போட்டி வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். அதில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்துவிடணும். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்திலிருந்து இன்றுவரை எதிலுமே அவர் இரண்டாவது சுற்றைப் பார்த்ததில்லை. ஐம்பத்து மூன்று வயசில் இதையெல்லாம் வெளியே சொல்லவா முடியும்? மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

துணை கிடைத்த இடம்தான் வேடிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனவர், சாப்பாட்டு மேசையில் பாதி சேர்த்த ஜிக்சாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சேர்த்துக்கொண்டிருந்தவர் மகளின் மாமியார்! பேருந்து டிப்போவில் டைம்கீப்பர். அவர் விசிலை எடுத்தால் நாற்பது டிரைவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். எந்த வண்டி எந்த நிறம், எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று தூரத்திலேயே சொல்லிவிடுகிற கண். அவர் டீ போட உள்ளே போன நேரத்தில் லென்ஸ்காரம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. ஒன்று, இரண்டு, நாலு துண்டு வைத்துவிட்டார். ஐந்தாவதைக் கையில் வைத்திருக்கும்போது டீக்கோப்பைகளோடு அவர் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தி, கை சும்மா இல்ல..."

டைம்கீப்பரம்மா மேசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷத்துல நாலு துண்டா! சம்பந்தி, இந்த இடத்துல நான் மூணு நாளா முட்டிக்கிட்டு இருக்கேன்" என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். இரண்டு டீயும் ஆடை கட்டிப்போயிற்று. அடுத்த வாரமே ஜோடிப் பிரிவுக்குப் பெயர் கொடுத்தார்கள். ஒருவருக்கு வடிவம், ஒருவருக்கு நிறம். இதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்?

ஜோடி நல்ல ஜோடிதான். மரியாதைதான் கெடுத்தது.

முதல் தகுதிச் சுற்றில் விசில் ஊதியதும் மண்டபமே துண்டுகளின் மேல் பாய்ந்தது. இவர்கள் மேசையில் மட்டும் உபசாரம் நடந்துகொண்டிருந்தது.

"சம்பந்தி, நீங்க ஓரம் எடுத்துக்கிறீங்களா?"

"ஐயோ, உங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்கோங்க சம்பந்தி."

ஒரே துண்டின் மேல் இரண்டு கையும் பட்டால் இரண்டும் பின்வாங்கும். "நீங்க வைங்க." "இல்லல்ல, நீங்களே வைங்க." பக்கத்து மேசைக் கல்லூரிப் பெண்கள் இதற்குள் கால்வாசியை முடித்துவிட்டார்கள்.

அதுகூடப் போகட்டும். படத்தில் பாதி நீல வானம். வானம் என்றால் வம்புதான், நிறம் உதவாது. ஏறக்குறைய ஒரே வெட்டில் இரண்டு துண்டுகள் இருக்கும், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தாலும் சரியாக வைத்தது மாதிரியே தெரியும். முப்பதாவது நிமிஷத்தில் டைம்கீப்பரம்மா ஒரு வானத் துண்டை வைத்து, கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். லென்ஸ்காரம்மா பார்த்தார். தப்பு என்று அந்த வினாடியே தெரிந்துபோயிற்று. நாக்கு நுனிவரைக்கும் வந்த வார்த்தையை மென்று முழுங்கினார். சம்பந்தியம்மாவைப் பார்த்து "நீங்க வச்சது தப்பு" என்று எந்த வாயால் சொல்வது? அவராகப் பார்த்து மாற்றிவிடுவார் என்று காத்திருந்தார். அவர் மாற்றவே இல்லை.

கடைசியில் ஒரு ஓட்டை, ஒரு துண்டு. துண்டு ஓட்டையில் போகவில்லை.

"டப்பாவுலயே தப்பு! இது எங்களோட துண்டே இல்ல" என்று டைம்கீப்பரம்மா நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் ஒரு சின்னப் பெண். குனிந்து பார்த்துவிட்டு, "வானத்துல எங்கேயோ ஒண்ணு மாறியிருக்கும் ஆன்ட்டி, தேடிப் பாருங்க" என்று சொல்லிப் போய்விட்டாள். லென்ஸ்காரம்மா தெரியாதவர்போல் தானும் தேடி மாற்றுவதற்குள் ஒரு நிமிஷம் போயிற்று. எட்டு ஜோடிக்குத்தான் இடம். இவர்கள் ஒன்பதாவது.

பேருந்தில் வீடு திரும்பும்போது, "என்னாலதான் சம்பந்தி" என்று அவர் சொல்ல, "சேச்சே, என்னாலதான்" என்று இவர் சொல்ல, அங்கேயும் மரியாதைதான். மறுநாள் லென்ஸ்காரம்மா மகளிடம் போனில் கொட்டித் தீர்த்தார்.

"பார்த்தேன்டி! கண்ணால பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்!"

"சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொல்றதாவது! உன் மாமியார்டி அவங்க!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது, டக்கென்று போனை வைத்துவிட்டார்.

அந்த வருஷத்தின் கடைசித் தகுதிச் சுற்று நாலு மாசம் கழித்து வந்தது. இதையும் விட்டால் அவ்வளவுதான். லென்ஸ்காரம்மா காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. டைம்கீப்பரம்மா டிப்போவில் லீவு சொல்லிவிட்டு, கையில் இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். படம் ஒரு மஞ்சள் பூந்தோட்டம், பின்னால் சிவப்புக் கூரை போட்ட வீடுகள். வானம் கொஞ்சம்தான், ஆனால் அந்த மஞ்சள் இருக்கிறதே, வானத்துக்கு அண்ணன்! துண்டுக்குத் துண்டு ஒரே பூ.

நாற்பது நிமிஷம் மரியாதையாகவே போயிற்று. கூரைகள் முடிந்தன, ஓரம் முடிந்தது. மஞ்சள் பாதி நின்றது. சுற்றிலும் இரண்டு மேசைகளில் கை உயர்ந்துவிட்டது. டைம்கீப்பரம்மா ஒரு மஞ்சள் துண்டை எடுத்தார், வைத்தார். அது உட்காரவில்லை. கட்டைவிரலை அதன் மேல் வைத்து ஒரு அமுக்கு, இன்னொரு அமுக்கு.

"அமுக்காதே!"

மண்டபம் முழுக்க எதிரொலித்தது. "பொருந்தாததைப் போட்டு ஏன் அமுக்குற? எடு அதை! எடுன்னா எடு!"

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று லென்ஸ்காரம்மாவுக்கே உறைத்தது. அறுபது மேசைகளும் திரும்பிப் பார்த்தன. போச்சு! மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டாச்சு!

டைம்கீப்பரம்மா துண்டை எடுத்தார். சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், தாமதமாக வந்த வண்டியை நிறுத்துகிற குரலில் ஆரம்பித்தார்:

"நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ? அந்த மூணாவது வீட்டு ஜன்னலை இடம் மாத்தி வச்சிருக்க. பத்து நிமிஷமா பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. தள்ளு அந்தப் பக்கம்!"

"இவ்வளவு நேரம் வாயில என்ன வச்சிருந்த? சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"நீ சொன்னியா? பேசாம இடது பக்கம் பாரு. இளமஞ்சள் எல்லாம் என்கிட்ட தள்ளு, வடிவம் பார்த்து வைக்கிற துண்டு எல்லாம் இந்தா, உனக்கு!"

அடேயப்பா, அதற்கப்புறம் அந்த மேசையில் நடந்ததைப் பார்த்திருக்கணும்! ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கினார்கள். "அது இல்ல, மூக்கு நீளமா இருக்கே, அது!" "கத்தாதே, தெரியுது!" நடுவர் பெண் ஓடி வந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா" என்று கெஞ்சினாள். "நீ போம்மா" என்று இருவரும் ஒரே குரலில் அவளைத் துரத்தினார்கள். பூக்கள் மளமளவென்று நிரம்பின. கடைசித் துண்டை வைத்தது யார் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. இரண்டு பேரும் கையைத் தூக்கியபோது கடிகாரத்தில் ஐம்பத்தெட்டு நிமிஷம் பதினோரு வினாடி.

ஏழாவது இடம். இறுதிப் போட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது!

கல்லூரிப் பெண்கள் வந்து கைகுலுக்கினார்கள். லென்ஸ்காரம்மாவுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தாழ்வாரத்துக்கு வந்ததும் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"சம்பந்தி, ஏதோ வேகத்துல வாய் தவறிடுச்சு. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அதை மனசுல வச்சுக்கிட்டு என் பொண்ணு மேல மட்டும் காட்டிடாதீங்க."

டைம்கீப்பரம்மா ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவ மேல நான் காட்டுறதா? நாலு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம் சம்பந்தி. நீங்களோ வாயில்லாப் பூச்சி, உங்க வீட்டுக்காரரும் சாது. அந்த வாய் அவளுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு. இன்னைக்குத் தீர்ந்துச்சு."

"எந்த வாய்?"

"அவ வாய்தான்! ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா ஒரு அதட்டு. மாத்திரையை மறந்தா ஒரு அதட்டு. நான் நாற்பது டிரைவரை விரட்டிட்டு வீட்டுக்கு வர்றேன், வாசல்லயே என்னை விரட்ட அவ நிக்கிறா."

"அடிப்பாவி! மாமியாரையா? வரட்டும் அவ!"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, ஆமா. அவ உங்க வீட்டுல ரெண்டு நாள் தங்கிட்டா எனக்குச் சாப்பாடே இறங்காது. சொந்தமா நினைக்கிறவதானே அதட்டுவா?"

லென்ஸ்காரம்மா அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். நாலு வருஷம் பயந்ததெல்லாம் வீண்! இப்படியும் ஒரு முட்டாள் இருப்பாளா என்று தன்னையே நொந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மகள்தான். இவர் எடுப்பதற்குள் டைம்கீப்பரம்மா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜெயிச்சுட்டோம்! உங்க அம்மா என்னைச் சபையில வச்சுத் திட்டித் தீர்த்துட்டாங்க!"

"அம்மாவா? உங்களையா?" மறுமுனையிலிருந்து வந்த கூச்சலில் தாழ்வாரத்தில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கூச்சல் அடங்கியதும் குரல் அப்படியே மாறியது. "அதெல்லாம் சரி அத்தை, மணி ரெண்டாச்சு. மத்தியான மாத்திரை போட்டீங்களா இல்லையா? உங்களை நம்பிப் பையில வச்சு அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"போடுறேன், போடுறேன், கத்தாதே" என்று டைம்கீப்பரம்மா அவசர அவசரமாகக் கைப்பையைத் துழாவினார்.

லென்ஸ்காரம்மா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

"சீக்கிரம் முழுங்கு. அவ போனை வைக்க மாட்டா."