மிஸ்ஸியின் பரீட்சை முடியும்வரை

கேள்வி கேட்க வருகிறவர்களை வள்ளியம்மாவுக்குப் பிடிக்காது. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பால் கோப்பை துடைத்துக் கொடுக்கப் போனவள் அவள். பிறகு அவளே பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாள். மரங்களைத் தள்ளி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது உதிரிப் பழம் பொறுக்கினாள். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த வருஷம் யார் யாரோ வந்தார்கள். லயத்து வீடுகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பல்கலைக்கழகத்துப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தாலாட்டுப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார்கள். கோழிக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, கட்டாயம் திரும்ப வருகிறோம் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லயத்தை இடித்த அன்றைக்கு அவர்களில் ஒருத்தர்கூட இல்லை. வள்ளியம்மாவும் கணவர் சன்னாசியும் மகன் சசிகுமாரும் சாமான்களை லோரியில் ஏற்றி, புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த வீட்டில்தான் சன்னாசி படுத்தார். புற்றுநோய் நுரையீரலில் தொடங்கி முதுகெலும்புவரை போய்விட்டது, இனி நோய்க்கு மருந்தில்லை, வலிக்குத்தான் மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு காலத்தில் மண்டோராக இருந்து அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர், மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னைய வார்டுல கொண்டுபோய் போட்டுடாத." சரி என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதியின் பெயர் விஜயராணி. மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வந்த முதல் நாளே அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஐயாவுக்கு மனசுல எது ரொம்பக் கவலையா இருக்கு என்று கேட்டாள். வள்ளியம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி போட வந்தவளுக்கு மனசைப் பற்றி என்ன?

மிஸ்ஸி இரண்டாம் முறை வந்தபோது வள்ளியம்மா நேராகவே விசாரித்தாள். பதினைந்து வருஷம் வார்டில் வேலை செய்த பிறகு, குணமாக்க முடியாதவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு மேற்படிப்புப் படிப்பதாக மிஸ்ஸி சொன்னாள். வீடுவீடாகப் போவதும் படிப்பில் ஒரு பகுதியாம்.

"சாகப்போறவங்களப் பார்க்குறதுக்குப் பரீட்சையெல்லாம் இருக்கா மிஸ்ஸி?"

"இருக்குமா. வருஷக் கடைசியில."

அதற்குமேல் மிஸ்ஸி சொன்ன எதுவும் வள்ளியம்மாவின் காதில் ஏறவில்லை. மிஸ்ஸி வருவது பரீட்சைக்காக. மருந்து வருவது மிஸ்ஸி கையால். பரீட்சை முடிந்தால் இரண்டும் நின்றுபோகும். பக்கத்து வீட்டு இராஜம்மா வேறு, படிச்சு முடிச்சவங்க யாரு இந்தப் பக்கம் இருப்பா, கோலாலம்பூருக்கு மாத்திக்கிட்டுப் போயிடுவாங்க என்று சொல்லிவைத்தாள்.

மருந்தை வாயில்தான் கொடுக்க வேண்டும். ஊசியில்லாத சிறு குழலில் கோடுவரை உறிஞ்சி, நாக்குக்கு அடியில் விட வேண்டும். வள்ளியம்மா கோடுவரை உறிஞ்சினாள். பாதியைக் கணவர் வாயில் விட்டாள். மீதியைச் சாமி மேடைக்குப் பக்கத்திலிருந்த காலி நல்லெண்ணெய் போத்தலில் விட்டு மூடினாள். அந்த வீட்டில் விளக்கேற்றுகிறவள் அவள் ஒருத்தி மட்டும்தான். போத்தலை யாரும் தொடமாட்டார்கள்.

உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுப் பழகிய கை அது. இப்போது வலியைத் தாங்குகிறார். கடைசியில்தான் தாங்க முடியாமல் போகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது மிஸ்ஸியும் இல்லை, மருந்தும் இல்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? சன்னாசி துண்டைக் கடித்துக்கொண்டு புரளும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இந்தக் கேள்வியைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

மிஸ்ஸிக்கு இது பிடிபடவில்லை. சன்னாசியின் கண்ணை விரித்துப் பார்த்தாள். தூக்கம் எப்படி, மலம் எப்படி என்று கேட்டாள். தாராளமாகப் போகிறது என்று அவர் சொன்னதும் அவள் நெற்றி சுருங்கியது. இந்த மருந்து குடித்தால் வயிறு கட்டிக்கொள்ள வேண்டுமாம். அவள் எதையெதைப் பார்க்கிறாள் என்று வள்ளியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா கோயிலுக்குப் போனா மருந்து யாரு குடுப்பாங்க என்று மிஸ்ஸி கேட்டபோது, சசிகுமாரைப் பற்றி இராஜம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை என்பது புரிந்தது. அவன் ஒரு காலத்தில் போதைப் பழக்கத்தில் விழுந்து, மறுவாழ்வு மையத்தில் இருந்து திரும்பியவன்; இந்த வலி மருந்திலும் போதை உண்டு. இப்போது செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டுகிறான்.

ஒரு மத்தியானம், சட்டையெல்லாம் நெல் உமியோடு அவன் சாப்பிட வந்திருந்தான். மிஸ்ஸியும் இருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. மருந்து சரியா தீருது. ஆனா ஐயா உடம்புல அது போன அடையாளமே இல்ல."

அவன் கை சோற்றிலேயே நின்றது. "நான் குடிக்கிறேன்னு சொல்றீங்களா மிஸ்ஸி?"

"சொல்லல தம்பி. கேக்குறேன்."

"வருஷக்கணக்கா மையத்துக்காரனுங்க கூப்பிட்டப்பல்லாம் போய் சோதனைக்கு மூத்திரம் பிடிச்சுக் குடுத்தவன்லா நான். உங்களுக்கும் வேணுமா? போத்தல் வச்சிருக்கீங்களா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். வள்ளியம்மா மீன் தட்டை மூடினாள்.

டாக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றாள் மிஸ்ஸி. உண்மை தெரியாமல் அளவைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மருந்து பத்திரமாக இல்லையென்றால் ஐயாவை வார்டில் சேர்க்கச் சொல்லுவார்கள். உள்ளறையிலிருந்து, "வார்டு வேணாம் புள்ள" என்று சன்னாசியின் குரல் வந்தது. சசிகுமார் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மிஸ்ஸி பையை மூடிக்கொண்டிருந்தாள். வள்ளியம்மா சாமி மேடைக்குப் போய் நல்லெண்ணெய் போத்தலை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இதுல இருக்குறது எண்ணெய் இல்ல. அவன் எடுக்கல."

மிஸ்ஸி மூடியைத் திறந்து மோந்தாள். போத்தலைச் சாய்த்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள்.

"ஏம்மா?"

"நீங்க பரீட்சை எழுதிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் இவருக்கு யாரு?"

மருந்து தன்னுடையதல்ல, ஆஸ்பத்திரி கொடுப்பது, தான் வராவிட்டாலும் வேறு மிஸ்ஸி வருவாள் என்று விஜயராணி சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க என்றாள் வள்ளியம்மா.

"சரி, என்னை நம்ப வேணாம். ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க. நான் வாயத் திறக்கமாட்டேன்."

நம்பரை மட்டும் அழுத்திக் கொடுத்துவிட்டு மிஸ்ஸி வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். மலாய்க்காரப் பெண் ஒருத்தி எடுத்தாள். வள்ளியம்மா தோட்டத்தில் கற்ற மலாயில் கேட்டாள்: இந்த மிஸ்ஸி போனாலும் சன்னாசிக்கு மருந்து கிடைக்குமா? கிடைக்கும் மக்சிக் என்று பெரியம்மா முறை சொல்லிக் கூப்பிட்டாள் அவள். வள்ளியம்மா திரும்பவும் கேட்டாள். கிடைக்கும். புது வருஷம் பிறந்த பிறகுமா? பிறந்த பிறகும்தான், மக்சிக். வள்ளியம்மா அவள் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

மிஸ்ஸி டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, முழு அளவு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டாள். போத்தலில் இருந்தது கெட்டுப்போயிருக்கும், ஆஸ்பத்திரியில் கொடுத்து அழிக்க வேண்டும் என்று எடுத்துப் பையில் வைத்தாள். பையின் வாய் மூடும்வரை வள்ளியம்மாவின் கண் அதைவிட்டு அகலவில்லை.

முழு மருந்தும் உள்ளே போனதும் சன்னாசி மெல்ல மெல்ல அடங்கினார். வாய் திறந்து கிடந்தது. அவள் பயந்துபோய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மிஸ்ஸியைப் பார்த்தாள். மறுபடி கை வைத்தாள். தூங்குறாரும்மா, ரொம்ப நாள் தூக்கம் என்றாள் மிஸ்ஸி. சாயங்காலம் கண் விழித்தவர், தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார். துண்டைக் கேட்கவில்லை.

சசிகுமார் திரும்பி வரும்வரை மிஸ்ஸி கேட்டுக்கு வெளியே காரில் காத்திருந்தாள். அவனிடம் என்ன பேசினாளோ, அவன் தலையை ஆட்டியது மட்டும் ஜன்னல் வழியே தெரிந்தது. உள்ளே வந்தவன் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான்.

"அவங்க கேட்டப்ப ஏம்மா பேசாம இருந்தீங்க?"

வள்ளியம்மா தட்டை எடுத்தாள். சோறு போடட்டுமா என்று கேட்டாள். பசிக்கல என்றான்.

மறுநாள் காலை மருந்து நேரத்துக்கு அவள் எழுந்து போனபோது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். இனிமே வீட்டுல இருக்குறப்ப நான் குடுக்குறேன் என்று சொல்லிக் குழலில் மருந்தை உறிஞ்சினான். பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான்.

பார்க்கக்கூடாது என்றுதான் வள்ளியம்மா நினைத்தாள். ஆனாலும் பார்த்தாள். மருந்து கோட்டில் நின்றது. அவள் பார்த்ததை அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா இருக்காம்மா?"

"இருக்குய்யா."

அவன் அப்பாவின் தலைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான்.